அம்மா கொடுத்த கிட்னி... அண்ணனோட டி-செல்!

டி-ஷர்ட் தெரியும். டீக்கடை தெரியும். டி-20 பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவோம். டி-செல் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

‘ஏன் தெரியாது? ப்ளஸ் டூ-வில் அஞ்சு மார்க் கொஸ்டினாச்சே!’ என்று கடைசி பெஞ்சிலிருந்து யாரோ கத்துவது கேட்கிறது. கரெக்ட் பாஸ். ஆனால், எங்கள் வீட்டில் அது கொஸ்டின் இல்லை. கிட்டத்தட்ட ஒரு சொந்தக்காரர் மாதிரி. ‘வந்துடக் கூடாது சாமி’ என்று சில மாதம் வேண்டிக்கொண்டோம். ‘எப்படியாவது வந்துடணும் சாமி’ என்று சில மாதம் வேண்டிக்கொண்டோம். ஒரே ஆளுக்கு ரெண்டு விதமான வேண்டுதல்! இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்றுதான் சொல்லப் போகிறேன்.

நான் திருச்சியில் எம்.எஸ்சி., மைக்ரோபயாலஜி. இந்தக் கதை நடந்தபோது பி.எஸ்சி. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அண்ணன் என்னைவிட அஞ்சு வயசு பெரியவன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 2022-ல் ஒருநாள் தலைவலி என்று டாக்டரிடம் போனான். பி.பி. 180. ரத்தத்தில் கிரியாட்டினின் 9. நல்லா இருக்கிற ஆளுக்கு அது ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். ‘ஐஜிஏ நெஃப்ரோபதி’ என்றார்கள். உடம்பின் எதிர்ப்புப் புரதம் ஒன்று சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்து, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் அரித்துவிடுகிற நோய். தம், தண்ணி எதுவும் கிடையாது அவனுக்கு. 24 வயதில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

எட்டு மாதம் அப்படிப் போனது. கிட்னி கொடுக்க அம்மா ரெடி. ‘‘ஒண்ணை எடுத்துட்டா உங்களுக்குப் பரவாயில்லையாம்மா?’’ என்று டாக்டர் கேட்டதற்கு, ‘‘எனக்கெதுக்கு சார் ரெண்டு?’’ என்று திருப்பிக் கேட்டது அம்மா. 2023 பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. பழைய கிட்னிகளை எடுக்க மாட்டார்கள். புதுசை அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைத்துத் தைப்பார்கள். ‘‘பாப்பா, உலகத்துல எல்லாருக்கும் ரெண்டு, எனக்கு மூணு!’’ என்று ஐ.சி.யூ-விலிருந்து வந்த மறுநாளே சீன் போட்டான் அண்ணன்.

ஆபரேஷன் முடிந்தால் சுபம் என்றுதான் சினிமாவில் காட்டுகிறார்கள். நிஜத்தில் கதையே அங்கேதான் ஆரம்பம்.

ஏன் என்று புரிய, டி-செல்லோட பயோ-டேட்டாவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். போரடிக்காது, கேரன்ட்டி!

டி-செல் ஒரு வகை வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற ‘தைமஸ்’ என்ற சுரப்பிக்குப் படிக்கப் போகும். அந்த தைமஸில் இருக்கிற ‘டி’தான் இந்த ‘டி’. அந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்றே ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை. சும்மா கிடக்கிற உறுப்பு என்றே பலரும் நினைத்தார்கள். 1961-ல் ஜாக்ஸ் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தார். அந்த எலிகளுக்கு நோய்களை எதிர்க்கிற சக்தியே இல்லாமல் போனது. இன்னொரு ஆச்சர்யமும் இருந்தது. வேற எலியின் தோலை ஒட்டவைத்தால், அதையும் அவை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டன. ஒரே சோதனையில் ரெண்டு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கிருமியை விரட்டுவதும், அந்நிய உறுப்பை விரட்டுவதும் ஒரே படை!

தைமஸ் காலேஜில் ரெண்டு எக்ஸாம். முதல் எக்ஸாம், ‘நம்ம ஆளோட ஐ.டி. கார்டை உனக்குப் படிக்கத் தெரியுமா?’ ரெண்டாவது, ‘நம்ம ஆளையே அடிப்பியா?’ முதல் கேள்விக்குத் தெரியாது என்றாலும் அவுட், ரெண்டாவதுக்கு அடிப்பேன் என்றாலும் அவுட். பெரும்பாலான செல்கள் இதில் ஃபெயில். அரியர் வைத்து எழுதுகிற வசதியெல்லாம் இல்லை. ஃபெயிலானால் அங்கேயே மரணம்.

அது என்ன ஐ.டி. கார்டு? நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் ‘ஹெச்.எல்.ஏ.’ என்ற புரதத்தைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சின்னச் சின்ன சாம்பிளை அதில் ஒட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வைரஸ் புகுந்தால் வைரஸின் துணுக்கும் கார்டில் வந்துவிடும். ரோந்து வருகிற டி-செல் அதைப் பார்க்கும். ‘கார்டு நம்மாளு, ஆனா உள்ள இருக்கிறது திருடன்’ என்று புரிந்துகொண்டு, அந்தச் செல்லையே ஓட்டை போட்டு அழித்துவிடும். ஆன்டிபாடி ரத்தத்தில் மிதக்கிற வைரஸைப் பிடிக்கும். செல்லுக்குள் பதுங்கிவிட்ட வைரஸைக் கண்டுபிடித்து அடிப்பதில் டி-செல்தான் கில்லாடி. கார்டு, துணுக்கு ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டி-செல்லுக்குப் புரியும் என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டி, ரால்ஃப் ஜிங்கர்நாகல் என்ற இருவர் 1970-களில் கண்டுபிடித்தார்கள். 1996-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

இப்போது பிரச்னைக்கு வருவோம். அம்மாவின் கிட்னியில் தொங்குவது அம்மாவின் கார்டு. அண்ணனின் டி-செல் அதைப் பார்த்தால் சும்மா விடுமா? 1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசஃப் முர்ரே செய்த உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஜெயித்ததற்குக் காரணமே, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே அச்சான இரட்டையர்கள் என்பதுதான். ரெண்டு பேருக்கும் ஒரே கார்டு! எல்லாருக்கும் இரட்டையருக்கு எங்கே போவது? அதற்குத்தான் டி-செல்லைத் தூங்கவைக்கிற மாத்திரைகள்.

அண்ணனுக்கு மூன்று மாத்திரை. டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசோலோன். இதில் டாக்ரோலிமஸ் கதை செம சுவாரஸ்யம். 1984-ல் ஜப்பானின் ட்சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். அந்த மலையின் பெயர்தான் மாத்திரையின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஜப்பான் போனதில்லை. ஜப்பான் மண்ணு தினமும் ரெண்டு வேளை அவனுக்குள் போகிறது!

ஒரு டி-செல் எதிரியைப் பார்த்ததும் ‘எல்லாரும் வாங்கடா’ என்று இன்டர்லூக்கின்-2 என்ற சிக்னலைக் கொடுக்கும். டாக்ரோலிமஸ் அந்த சிக்னலை அமுக்கிவிடும். மைகோஃபெனோலேட், கூட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும். காலை எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளைகூட தவறக் கூடாது. அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்துப் போய் அந்த ரிப்போர்ட்டை வாங்குவது என் டியூட்டி.

இந்த மாத்திரைகளில்தான் சிக்கலே! ‘அம்மா கிட்னியை மட்டும் அடிக்காதே, வைரஸ் வந்தா அடி’ என்று டி-செல்லுக்குத் தனியாக ஆர்டர் போட முடியாது. படுக்கவைத்தால் மொத்தப் படையும் படுத்துவிடும்.

டி-செல் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கே பாடமாக நடத்தியது எய்ட்ஸ். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் 5 இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்ததாக ஒரு சின்ன ரிப்போர்ட் வெளியானது. அவர்கள் உடம்பில் சைட்டோமெகலோ வைரஸும் இருந்தது. பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகிற வைரஸ் அது. அந்த இளைஞர்களிடம் அது ஆட்டம் போட்டது. காரணம், ஹெச்.ஐ.வி. அவர்களின் டி-செல்களைத் தின்றுகொண்டிருந்தது. நம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு 1986-ல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே டி-செல்லை அழித்தது கிருமி. இங்கே நாமே மாத்திரை போட்டுத் தூங்கவைக்கிறோம். கிட்னி மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, சில கேன்சர் சிகிச்சைகள்... எல்லா இடத்திலும் ரிஸ்க் ஒன்றுதான். டி-செல் கண் அசந்தால், உள்ளே படுத்திருக்கும் வைரஸ் கண் விழிக்கும்.

‘உள்ளே படுத்திருக்குமா?’ என்று பதறாதீர்கள். எனக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருக்கும். சைட்டோமெகலோ இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அதைக் காவல் காப்பதற்கென்றே ஒரு பட்டாளம் வேண்டும். அந்த வைரஸ் உள்ளவர்களின் நினைவு டி-செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வேலையைத்தான் பார்க்கிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. நாம் தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிடும்போதும் உள்ளே அவர்கள் டியூட்டியில்தான் இருக்கிறார்கள்.

சைட்டோமெகலோவுக்காவது மருந்து உண்டு. வால்கேன்சிக்ளோவிர் என்ற மாத்திரையை அண்ணனுக்கு முதல் மூன்று மாதம் முன்னெச்சரிக்கையாகவே கொடுத்தார்கள். எங்களை ஆட்டிவைத்தது இன்னொரு ஆசாமி. பெயர் பி.கே. வைரஸ்.

ஏதோ பட டைட்டில் மாதிரி இருக்கிறதா? 1971-ல் லண்டனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அவருடைய இனிஷியல்தான் பி.கே. அவரும் சிறுநீரக மாற்று செய்தவர்தான். (அதே 1971-ல்தான் வேலூர் சி.எம்.சி-யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. மருந்தும் வில்லனும் ஒரே வருஷத்தில் அறிமுகம்!) உலகத்தில் பெரியவர்களில் பத்தில் எட்டு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறோம். சின்ன வயதில் சாதாரண சளி மாதிரி வந்து, கிட்னியில் போய்ப் படுத்துவிடும். ஆயுசு முழுக்கத் தொல்லை தராது. மாத்திரையால் டி-செல் அசந்தவர்களிடம் மட்டும் எழுந்து உட்காரும்.

ஆபரேஷன் முடிந்த நாலாவது மாதம். ரத்தத்தில் பி.சி.ஆர். டெஸ்ட். ‘ஒரு மில்லி லிட்டரில் 26 ஆயிரம் வைரஸ்’ என்று ரிப்போர்ட் வந்தது. 10 ஆயிரத்தைத் தாண்டினாலே, கிட்னியைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்களாம். கிரியாட்டினினும் 1.2-லிருந்து 1.8-க்கு ஏறியிருந்தது.

அம்மா முதலில் கேட்ட கேள்வி, ‘‘என் கிட்னில இருந்துதான் வந்துச்சா சார்?’’

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘‘இருக்கலாம்மா. அவர் உடம்புலயே இருந்தும் வந்திருக்கலாம். எல்லார்கிட்டயும் இருக்கிறதுதான். நீங்க கொடுக்கலைன்னா இன்னிக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே இவர் டயாலிசிஸை விட்டு வந்திருக்க மாட்டார்’’ என்றார். அம்மா தலையாட்டியது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கிரியாட்டினின் ஏறியதற்கு ரெண்டு காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்று, பி.கே. வைரஸ் கிட்னியைத் தின்கிறது. இன்னொன்று, டி-செல் முழித்துக்கொண்டு கிட்னியை அடிக்கிறது. முதலாவது என்றால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். நேர் எதிர் வைத்தியம்! மாற்றிச் செய்தால் கிட்னி காலி.

அதனால் பயாப்ஸி. ஊசியால் கிட்னியிலிருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ரிசல்ட் வருகிற வரைக்கும் எனக்கு ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. எங்கள் டிபார்ட்மென்ட் மேடத்திடம் போய் நின்றேன். மேடம் ஒரு புத்தகத்தை எடுத்து ரெண்டு படம் காட்டினார். ரெண்டிலும் கிட்னித் திசுவுக்கு நடுவே ஊதா நிறத்தில் புள்ளிப் புள்ளியாக வெள்ளை அணுக் கூட்டம்.

‘‘இது ரிஜெக்‌ஷன். இது பி.கே. என்ன வித்தியாசம் சொல்லு?’’

எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு ரெண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

‘‘அதான் விஷயமே. ஊர்ல கூட்டம் கூடியிருக்கு. வந்தவங்க வீட்டைக் கொளுத்த வந்தாங்களா, தீயணைக்க வந்தாங்களான்னு தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. வீட்டுக்குள்ள திருடன் இருக்கானான்னு பார்த்தாத்தான் தெரியும்’’ என்றார்.

உள்ளே இருக்கும் திருடனைப் பார்க்க ஒரு சாயம் இருக்கிறது. எஸ்.வி.40 என்று ஒரு குரங்கு வைரஸ். பி.கே-வுக்குப் பங்காளி. அந்தக் குரங்கு வைரஸின் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி, பி.கே-வின் புரதத்தையும் பிடிக்கும். அதை ஊற்றினால் வைரஸ் இருக்கிற செல்லின் உட்கரு மட்டும் பழுப்பாக மின்னும். அண்ணனின் துணுக்கு மின்னியது. திருடன் உள்ளேதான் இருக்கிறான். கூட்டம் தீயணைக்க வந்த கூட்டம்.

‘‘அப்போ மருந்து?’’ என்றான் அண்ணன்.

‘‘மருந்தைக் குறைக்கிறதுதான் மருந்து’’ என்றார் டாக்டர்.

பி.கே. வைரஸை நேராகப் போய் ஒழிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை இல்லை ஃப்ரெண்ட்ஸ். அதை விரட்டக் கூடியது அவரவர் டி-செல் மட்டும்தான். எனவே மைகோஃபெனோலேட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். டாக்ரோலிமஸ் அளவையும் இறக்கினார்கள். அதாவது, தூங்குகிற சிங்கத்தை எழுப்புகிறோம். முழுசாக எழுந்தால் அம்மா கிட்னியைக் கடித்துவிடும். எழுந்திரிக்காவிட்டால் வைரஸ் கிட்னியைத் தின்றுவிடும். ஒரு கண்ணை மட்டும் திறந்து வைரஸை மட்டும் பார்க்க வேண்டும். ‘வராதே வராதே’ என்று கும்பிட்ட வாயால் ‘வா வா’ என்று கும்பிட ஆரம்பித்தது அந்த மாதம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்து எனக்குப் புல்லரித்துவிட்டது. வைரஸ் உட்கார்ந்திருப்பது அம்மாவின் செல்லில். அதில் தொங்குவது அம்மாவின் ஐ.டி. கார்டு. அண்ணனின் டி-செல் படித்ததோ அண்ணனின் கார்டை. பிறகு எப்படித் திருடனைக் கண்டுபிடிக்கும்? மேடத்திடமே கேட்டேன். ‘‘ஹெச்.எல்.ஏ. ஒரு செட் அப்பாகிட்ட இருந்து வரும், ஒரு செட் அம்மாகிட்ட இருந்து வரும். உங்க அண்ணன்கிட்ட உங்க அம்மாவோட பாதி இருக்கு. அந்தப் பாதி கார்டை அவரோட டி-செல்லுக்கு நல்லாப் படிக்கத் தெரியும்’’ என்றார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பொதுவான அந்தப் பாதி வழியாகத்தான் அண்ணனின் படை உள்ளே பார்க்கிறது. இதை அம்மாவிடம் போனில் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். ‘‘பாதி போதுமாம்மா?’’ என்று மட்டும் கேட்டது.

அடுத்த மாத ரிப்போர்ட்: 31 ஆயிரம். குறையவில்லை, ஏறியிருந்தது!

‘‘டி-செல் எழுந்து, ஆளைச் சேர்த்து, வேலைக்கு வர டைம் ஆகும். வெயிட் பண்ணுங்க’’ என்றார் டாக்டர். காத்திருப்பதே வைத்தியம் என்று ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். சும்மா இருக்க விடுவார்களா? ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று பேர் போட்ட டப்பாக்கள் வீடு தேடி வந்தன. அத்தை ஒரு பாட்டில் சீந்தில் கஷாயத்தோடு வந்துவிட்டது. ‘‘எதிர்ப்பு சக்தி கூடும்டா தம்பி, குடி.’’

அண்ணன் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டான். ‘‘அத்தை, எனக்கு அது கூடினா ஆஸ்பத்திரிலதான் கொண்டுபோய் விடணும்!’’

கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் சீரியஸ். உறுப்பு மாற்று செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் தொடக் கூடாது. படையை மொத்தமாகத் தட்டி எழுப்பினால் ரிஜெக்‌ஷன். மாத்திரையின் அளவை ஏற்றி இறக்குகிற பொருட்களும் உண்டு. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடித்தால்கூட டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எகிறிவிடும். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்டு, கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். ‘எதிர்ப்பு சக்தின்னா ஜாஸ்தியா இருக்கிறதுதானே நல்லது?’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை பாஸ். அண்ணனை முதலில் டயாலிசிஸுக்கு அனுப்பிய ஐஜிஏ நோயே, எதிர்ப்பு சக்தி வழிதவறியதால் வந்ததுதான். ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. ஆளைப் பார்த்து அடிக்கத் தெரிய வேண்டும். அதுதான் நல்ல எதிர்ப்பு சக்தி.

அடுத்த ரிப்போர்ட் 9 ஆயிரம். அப்புறம் 2,400. அப்புறம் 600. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் கவுன்ட்டரில் கவரை வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்துதான் பிரிப்பேன். ஆபரேஷன் முடிந்த பதினோராவது மாதம், ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. அண்ணனுக்கு போன் போட்டேன். ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே அவன் கேட்டது, ‘‘கிரியாட்டினின் எவ்ளோ பாப்பா?’’

1.5. வைரஸ் போய்விட்டது. ஆனால் 1.2 திரும்பி வரவில்லை. வைரஸ் தின்ற இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. அது தின்றது தின்றதுதான். ‘‘அம்மா கொடுத்ததுல கொஞ்சத்தைத் தொலைச்சுட்டேன்’’ என்றான் அண்ணன். பக்கத்திலிருந்த அம்மா போனைப் பிடுங்கி, ‘‘மிச்சம் எவ்வளவு இருக்குன்னு கேளுடி’’ என்றது. நிறைய இருக்கிறது. இன்று வரைக்கும் அந்த மிச்சத்தில்தான் அண்ணன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. சிலருக்கு டி-செல் எழுந்திரிப்பதற்குள் கிட்னி போய்விடுகிறது. சிலருக்கு எழுப்பும்போதே ரிஜெக்‌ஷன் வந்துவிடுகிறது. ‘சரி, சொந்தப் படை தூங்கினா, வேற ஆளோட படையை வாடகைக்கு எடுத்தால் என்ன?’ என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். 1992-ல் அமெரிக்காவின் சியாட்டிலில், எலும்பு மஜ்ஜை மாற்று செய்த 3 பேருக்கு, மஜ்ஜை கொடுத்தவரின் ரத்தத்திலிருந்து சைட்டோமெகலோவை மட்டும் அடிக்கத் தெரிந்த டி-செல்களைப் பொறுக்கி எடுத்து, லேபில் பெருக்கி, ஊசி வழியாக ஏற்றினார்கள். படை உயிரோடு இருந்தது, வேலையும் பார்த்தது. உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸால் வருகிற ஒரு வகைப் புற்றுநோய்க்கு, வேறொருவரின் ரத்தத்திலிருந்து தயாரித்து ரெடிமேடாக வைத்திருக்கிற டி-செல் மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. பி.கே. உள்பட ஆறு வைரஸ்களை ஒரே நேரத்தில் அடிக்கும் என்று எதிர்பார்த்த இன்னொரு டி-செல் மருந்தின் பெரிய சோதனைகள், பலன் தெரியவில்லை என்று 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. அண்ணன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த அதே சமயம் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெரிய கடுப்பு. ஆனால் அந்தக் கடுப்புதான் என்னை எம்.எஸ்சி-க்கு அப்ளிகேஷன் போட வைத்தது. இம்யூனாலஜி பேப்பரில் இப்போது அஞ்சு மார்க்குக்குப் பதினைந்து மார்க் அளவுக்கு எழுதுகிறேன் என்று மேடம் திட்டுகிறார்!

கடைசியாக, உங்களிடம் ஒரு விண்ணப்பம்.

அண்ணன் மாதிரி ஆட்கள் உங்கள் கேம்பஸிலும் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. கிட்னி மாற்றியவர், ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர், மூட்டுவாத நோய்க்கு வீரியமான மாத்திரை சாப்பிடுகிறவர். ஹாஸ்டல் மெஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறவராக இருக்கலாம். அவர்களுக்குத் தடுப்பூசியும் முழுசாக வேலை செய்யாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2021-ல், கொரோனா தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்ட 658 உறுப்பு மாற்று நோயாளிகளைச் சோதித்தார்கள். ஆன்டிபாடி உருவானது 54 சதவீதம் பேருக்குத்தான். ஆரோக்கியமான ஆட்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் உருவாகிறது. சின்னம்மைத் தடுப்பூசி மாதிரி உயிருள்ள வைரஸ் வைத்த ஊசிகளை, மாற்று செய்த பிறகு போடவே கூடாது. அப்படியென்றால் அவர்களுக்குப் பாதுகாப்பு யார்? சுற்றி இருக்கிற நாம்தான். நாம் ஊசி போட்டுக்கொண்டால், வைரஸ் அவர்கள் வரைக்கும் போகிற வழி அடைபடுகிறது.

அண்ணனுக்கு ஸ்கூலிலிருந்து ஒரு ஃப்ரெண்ட். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவை பார்க்க பைக்கில் வந்தார். வாசலிலேயே தும்மல் வந்தது. உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, ஜன்னலில் நின்ற அண்ணனுக்கு போன் போட்டு, முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து சளி போனதும் வந்து, கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். டி-செல் பற்றி அவருக்கு ஒரு வரி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

யாராவது கூட்டத்தில் தனியாக மாஸ்க் போட்டு உட்கார்ந்திருந்தால், ‘என்ன பாஸ், இன்னும் கொரோனாவா?’ என்று கலாய்க்காதீர்கள். உங்களுக்குச் சளி இருந்தால் ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்காருங்கள். ‘இதைச் சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி கூடும்’ என்று வருகிற மெசேஜை அவர்களுக்கு ஃபார்வேர்டு பண்ணாதீர்கள். முடிந்தால், 18 வயது ஆனவர்கள் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யுங்கள். எல்லாருக்கும் ‘எனக்கெதுக்கு ரெண்டு?’ என்று கேட்கிற அம்மா கிடைப்பதில்லையே!